கிளச்சுச் சத்தத்துக்கு ஒரு கும்பிடு

பிப்ரவரி 10, திங்கள்

இந்த டைரி உரக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. அரிசி டப்பா மேல் சும்மாவே கிடந்தது. நேற்றுத் திருப்பூரிலிருந்து வந்த மகள் தாரணி அதைத் தூசி தட்டிக் கையில் கொடுத்து, "அப்பா, தெனமும் நடந்த நல்லத மட்டும் எழுதுங்க. எழுதி நன்றி சொல்லுங்க. மனசு லேசாகும், சர்க்கரை கூட இறங்குமாம்" என்றாள். எழுதினால் சர்க்கரை இறங்கும் என்றால் எந்த வாத்தியாருக்கும் சர்க்கரை இருக்கக் கூடாது. இருந்தாலும் பெற்ற மகள் சொல்லிவிட்டாள், எழுதுகிறேன்.

என் பெயர் சென்னியப்பன். சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி. கோபி மண்டிக்கு வாழைத்தார் ஏற்றுவது தொழில். இன்றைய நல்லது: ஒரு தார்கூட அடிபடாமல் இறங்கியது. வண்டிக்கு நன்றி. பழைய வண்டிதான், கதவைச் சாத்த இரண்டு தரம் இழுக்க வேண்டும், வைப்பர் ஒரு பக்கம்தான் ஓடும். ஆனாலும் இதுவரை என்னை நடுவழியில் நிறுத்தியதில்லை.

கெட்டதை எழுதக் கூடாது என்று உத்தரவு. வண்டியில் புதிதாக ஒரு கீர்ச் சத்தம் கேட்கிறது. அது நல்லதா கெட்டதா என்று இன்னும் தெரியாததால் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

சத்தம் வாய்க்கால் பாலத்துக்கு வரும்போதே வீட்டில் கேட்கிறதாம். அதைக் கேட்டதும் வசந்தாமணி களியைத் தட்டில் போட்டுவிடுகிறாள். கை கழுவி உட்கார்ந்தால் ஆவி பறக்கிறது. வண்டியில் கோளாறு வந்து பெண்டாட்டி கையால் சூடாகச் சாப்பிடுகிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான். நன்றி.

பிப்ரவரி 13, வியாழன்

சத்தியமங்கலம் ரோட்டில் இஸ்மாயில் பட்டறைக்கு வண்டியை விட்டேன். என்னைவிடச் சின்னவன், நல்ல கைக்காரன். வண்டியை ஓடவிட்டு கிளச்சை மிதித்தான், கீர் என்றது. காலை எடுத்தான், நின்றது. மறுபடி மிதித்தான், மறுபடி கீர்.

"கிளச்சு பேரிங் போச்சுங்ணா. மிதிச்சாத்தான் அது சுத்தும். சுத்துனாத்தான் கத்தும். கியர்பாக்ஸ எறக்கோணும்."

இறக்கினான். பேரிங்கை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதன் முகம் முச்சூடும் கருகி நீலம் பாய்ந்திருந்தது.

"ஏனுங்ணா, ஓட்டறப்ப கால கிளச்சு மேலயே வெச்சிருக்கறீங்களா? லேசா வெச்சிருந்தாலும் இது சுத்தீட்டே கெடக்குமுங்க. அப்படி வெந்த மாதிரி இருக்குது."

"ஏப்பா, நீ டவுசர் போட்ட காலத்துலயே நான் கர்நாடகாவுக்கு லாரி ஓட்டுனவன். எங்கிட்டயே கிளச்சு மிதிக்கப் பாடம் எடுக்கறயா?"

சிரித்துக்கொண்டே புதுப் பேரிங்கை மாட்டினான். நானும் சிரித்தேன். கெட்டிக்காரன், ஆனால் வாய் கொஞ்சம் நீளம்.

பிப்ரவரி 14, வெள்ளி

வண்டி பூனை மாதிரி போகிறது. களி ஆறிப்போனதுதான் கிடைத்தது. நான் வருவது தெரியவில்லையாம்.

பிப்ரவரி 22, சனி

மண்டியிலிருந்து வீட்டுக்கு வந்து இறங்கினேன். வசந்தாமணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வலது காலில் செருப்பு இருக்கிறது, இடது காலில் இல்லை. திரும்பப் போய்ப் பார்த்தால் மண்டியில் தராசுக்குப் பக்கத்தில் பத்திரமாகக் கிடக்கிறது. யாரும் எடுக்கவில்லை. நல்ல ஊர், நன்றி.

எப்போது கழன்றது என்று எனக்கே தெரியவில்லை. இப்போதெல்லாம் பஞ்சு மேல் நடப்பது போலத்தான் இருக்கிறது. வயதானால் பாதம் மெத்தென்று ஆகிவிடும் போல. அதுவும் ஒரு சுகம்தான்.

மார்ச் 12, புதன்

மறுபடியும் கீர். புதுப் பேரிங் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. தாரணி மன்னிக்க வேண்டும், இன்றைக்கு நல்லது எதுவும் இல்லை. களி சூடாக இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

இஸ்மாயில் மறுபடி கியர்பாக்ஸை இறக்கினான். கூலி வேண்டாம் என்றுவிட்டான். பேரிங் மறுபடியும் வெந்திருக்கிறது. மறுபடியும் அதே பேச்சு.

"அண்ணா, கோவிச்சுக்காதீங்க. கால் கிளச்சு மேலதான் இருக்குது. வேற காரணமே இல்லீங்க."

"நீ டூப்ளிகேட் சாமானைப் போட்டுட்டு என்ற காலு மேல பழி சொல்றயா?"

அவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு இன்னொரு புதுசை மாட்டினான். எனக்கு ஆறவில்லை. டீக்கடையில் நாலு பேர் காதில் விழும்படி, பாய் பட்டறையில் சாமான் சரியில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். வசந்தாமணிக்கு அது பிடிக்கவில்லை. "பேரிங் போனா மாத்திக்கலாம், பேரு போனா அந்தப் பையன் எங்க போவான்?" என்றாள். அவள் எப்போதும் அடுத்தவர் கட்சி.

நல்லது: வண்டியில் சத்தம் இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பூச்சாட்டு. கோயில் நோம்பி ஆரம்பம். காப்புக் கட்டிக்கொண்டேன், குண்டம் இறங்கி நெருப்பு மிதிக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வருஷம் தவறாமல் இறங்குகிறவன். இனி மஞ்சள் வேட்டி, ஒருவேளைச் சாப்பாடு, காலில் செருப்புக் கிடையாது, வண்டியும் வெறுங்காலில்தான். சர்க்கரை மாத்திரையையும் நிறுத்திவிட்டேன். விரதத்தில் மாத்திரை எதற்கு, சாமி பார்த்துக்கொள்ளும்.

மார்ச் 25, செவ்வாய்

தோட்டத்தில் தார் ஏற்றிவிட்டு வந்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். வசந்தாமணி என் இடது பாதத்திலிருந்து ஒரு வேலமுள்ளைப் பிடுங்கி எடுத்தாள். நல்ல நீளம். "வலிக்கலீங்களா?" என்றாள். காப்புக் கட்டினவனை முள் என்ன செய்யும்? தாயே, உனக்குக் கும்பிடு.

அவள் அந்த முள்ளைத் தூக்கி எறியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். எதற்கென்று தெரியவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்றைக்கு எழுதுவதற்குத்தான் இந்த டைரியே எனக்குக் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

விடியற்காலையில் வாய்க்காலில் முழுகிவிட்டு, ஈரவேட்டியோடு வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். குண்டம் தகதகவென்று கிடந்தது. முதலில் பூசாரி இறங்கினார். பம்பை சத்தத்தில் காது அடைத்தது. ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் எனக்குப் பயமாக இருக்கும், அதை யாரிடமும் சொன்னதில்லை. கால் வைத்ததும் சுரீர் என்று உச்சி வரை ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு தாயே தாயே என்று ஓடிவிடுவேன்.

இந்த வருஷம் கால் வைத்தேன். ஒன்றுமே இல்லை! வலது காலில் லேசாகக் கதகதப்பு. இடது காலில் அதுகூட இல்லை, பூவை விரித்து வைத்தது மாதிரி இருந்தது. நான் ஓடவில்லை. நடந்தேன். நின்று கும்பிட்டுவிட்டுக்கூட நடந்தேன். கரையில் இருந்தவர்கள் குலவை போட்டார்கள். ஒரு கிழவர் வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. இத்தனை வருஷத்துக்குக் கூலியாக அம்மன் எனக்கு நெருப்பைப் பூவாக்கிக் கொடுத்துவிட்டாள். இதற்கு மேல் என்ன வேண்டும் எனக்கு?

ஏப்ரல் 3, வியாழன்

பாயில் கறை இருக்கிறது என்கிறாள் வசந்தாமணி. செம்மண்ணாக இருக்கும். மறுபூசை முடிகிற வரை செருப்புப் போடக் கூடாதே.

ஏப்ரல் 5, சனி

லேசாகக் காய்ச்சல். வெயில். லோடு போனேன். கீர் என்றது.

ஏப்ரல் 6, ஞாயிறு

நேராகப் பட்டறைக்குப் போய் வண்டியைக் குறுக்கே நிறுத்தினேன். வேலைக்கு வந்திருந்த நாலைந்து பேர் முன்னால் கன்னாபின்னா என்று கத்திவிட்டேன். அம்மன் நெருப்பைப் பூவாக்கினவனுக்கு நீ பழைய இரும்பைப் போட்டுக் கொடுக்கிறாயா என்றுகூடக் கேட்டேன். இஸ்மாயில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"சரிங்ணா. என்ற பேச்சக் கேக்க வேண்டாம். நாளைக்கு அக்காவப் பக்கத்துல ஒக்கார வெச்சு ஒருக்கா ஓட்டுங்க. ரோட்டைப் பாக்க வேண்டாம், உங்க காலைப் பாக்கச் சொல்லுங்க. அக்கா என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கறேன்."

நல்லதாகப் போயிற்று. நாளைக்கு இவன் வண்டவாளம் தெரிந்துவிடும். வசந்தாமணி பொய் சொல்லமாட்டாள்.

ஏப்ரல் 9, புதன்

ஈரோட்டில் ஆஸ்பத்திரி. தாரணி டைரியைக் கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள். நல்லதை மட்டும் எழுதுங்க என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

திங்கட்கிழமை நடந்ததை எழுதுகிறேன். வாய்க்கால் மேட்டு ரோட்டில் காலி வண்டி. வசந்தாமணி பக்கத்தில். டாப் கியரில் போட்டுக் காலை எடுத்துவிட்டேன். சத்தம் நிற்கவில்லை, கீர் கீர் என்று வந்துகொண்டே இருந்தது.

"பாத்தயா? கால எடுத்த பொறகும் கத்துது. சாமான் மட்டம்."

அவள் குனிந்து கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். "கால எடுங்க" என்றாள்.

"எடுத்துத்தான புள்ள இருக்குது?"

"இல்லீங்க. மேலயே இருக்குது."

"என்ற காலு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியாதா?"

அவள் இன்னும் குனிந்து, என் இடது கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, ஓரமாக வைத்தாள். சத்தம் நின்றுவிட்டது.

வண்டியைப் புளியமரத்தடியில் ஓரம் கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்று தெரியவில்லை. வசந்தாமணி இறங்கி என் பக்கம் வந்து என் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "அக்கட்டால திரும்பி வாய்க்காலைப் பாருங்க" என்றாள். பார்த்தேன். யாரோ எருமையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியுதுங்களா?"

"என்ன தெரியுதுங்கற? இன்னும் ஒண்ணும் பண்ணலயே."

திரும்பிப் பார்த்தேன். அவள் புடவையில் குத்தியிருந்த ஊக்கு என் பாதத்தில் பாதி இறங்கியிருந்தது.

அவள் அதை உருவி, முந்தானையில் துடைத்து, மூடி, மறுபடியும் தோளில் குத்திக்கொண்டாள். பிறகு பாதத்தைத் திருப்பினாள். சுண்டுவிரலுக்கு அடியில் கறுப்பாக ஒரு குழி. அதற்குள் குண்டத்துக் கரித்துண்டு. சுற்றிலும் சீழ். இத்தனை நாளாக வண்டிக்குள் வாழைப்பழம் அழுகிய வாடை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அதுதான். கரியை அவள் விரலால் கிள்ளி எடுத்தாள். அவள் அழுதாள், நானும் அழுதேன். ரோட்டில் போன மொபெட்காரர் வண்டி மோதிவிட்டதா என்று நின்று கேட்டார்.

அதற்கு மேல் ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. காலே எங்கே இருக்கிறது என்று தெரியாதவன் எப்படி ஓட்டுவது? வசந்தாமணி இஸ்மாயிலுக்குப் போன் போட்டாள். வரமாட்டான் என்றுதான் நினைத்தேன். முந்தின நாள்தான் அவ்வளவு பேசியிருக்கிறேன். பைக்கில் வந்தான், என் காலைப் பார்த்தான், பைக்கை மரத்தடியில் பூட்டிவிட்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். ஈரோடு வரை பேசவில்லை.

வண்டியும் பேசவில்லை. கியர் மாற்றும்போது மட்டும் ஒரு கீர், பிறகு அமைதி. அவன் இடது கால் இறங்கும், மிதிக்கும், தள்ளிப்போய்த் தனியாக உட்கார்ந்துகொள்ளும். வழி முழுக்க அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மா சின்ன வயது. குண்டத்தில் சுடவே இல்லை, அம்மன் அருள் என்று அவரிடமும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"சர்க்கரையால நரம்பு செத்துப்போச்சுங்க ஐயா. ரெண்டு காலும்தான், இடதுல அதிகம். உங்களுக்கு வலிக்கலைங்கறதுதான் வியாதியே. விரல் எலும்பு வரைக்கும் சீழ் போயிருக்கு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கணுக்காலுக்கு மேல எடுக்க வேண்டி வந்திருக்கும். வலியே இல்லாம எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். வசந்தாமணிதான் சொன்னாள்.

"வண்டி கத்துச்சுங்க."

ஏப்ரல் 11, வெள்ளி

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். கால் தப்பித்துவிட்டது. சுண்டுவிரலால் நான் இதுவரை கதவு நிலையில் இடித்துக்கொண்டதைத் தவிர வேறு எதுவும் செய்ததில்லை. போகட்டும்.

தாரணி என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிடித்திருக்கிறாள் என்று கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒன்றை எழுதாமல் விட முடியாது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது எனக்கு அம்மன் மேல் கோபம். நெருப்பைப் பூவாக்கினாள் என்று அழுதேனே, கால் தொட்டுக் கும்பிடக்கூட விட்டேனே, அத்தனையும் செத்த நரம்புதானா? இனி அவள் முகத்தில் விழிப்பதில்லை என்று இருந்தேன். இன்றைக்குக் காலையில் வசந்தாமணி அம்மன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். நான் கும்பிடாமல் திரும்பி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க, அவ மேல எதுக்குக் கோவிச்சுக்கறீங்க? அவ சொல்லாமயா இருந்தா? மூணு தடவ கத்துனா. நீங்கதான் பேரிங்க மாத்திக்கிட்டே இருந்தீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டுக் கும்பிட்டேன்.

"அடுத்த நோம்பிக்குக் குண்டம் கெடையாது. அவகிட்ட நானே பேசிட்டேன். சரின்னுட்டா" என்று சேர்த்துச் சொன்னாள். இரண்டு பேரும் ஒரு கட்சி ஆகிவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

ஏப்ரல் 27, ஞாயிறு

கட்டுப்போட்ட காலோடு, தாரணி தோளைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். அன்றைக்கு என் பேச்சைக் கேட்டவர்களில் பாதிப்பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "இஸ்மாயிலு போட்ட சாமான் அத்தனையும் அசல். மட்டமா இருந்தது என்ற காலு. அவன் மட்டும் மழுப்பிட்டு இருந்திருந்தா இன்னைக்கு நான் ஒத்தக்காலோட வந்து நின்னுருப்பேன்." டீ மாஸ்டர் சர்க்கரை போடாமல் ஒரு டீயை நீட்டினார்.

பிறகு பட்டறைக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் இஸ்மாயில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "ஒக்காருங்ணா, கால மேல வைங்க" என்றான். மன்னிச்சுக்கப்பா என்றேன். "அத விடுங்ணா. வண்டிக்குப் புதுப் பேரிங் போட்டாச்சு. இந்தத் தடவ யாரு ஓட்டப் போறதுன்னு சொல்லுங்க, அவிங்களுக்குச் சொல்லித்தர்றேன்" என்றான்.

டாக்டரம்மா என்னை இனி கிளச் வண்டி ஓட்டவே கூடாது என்று சொல்லிவிட்டார். வண்டி இல்லாவிட்டால் எங்களுக்குச் சோறு இல்லை. வீட்டுக்கு வந்து வசந்தாமணியிடம், வண்டியை விற்றுவிடலாமா என்று கேட்டேன்.

"எதுக்கு விக்கோணும்? என்ற காலு ரெண்டும் நல்லாத்தான இருக்குது" என்றாள்.

ஜூன் 8, ஞாயிறு

எல் போர்டு மாட்டிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்தில் வசந்தாமணி ஓட்டுகிறாள். இஸ்மாயில் சொல்லிக் கொடுக்கிறான். நான் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் நாள் வண்டி தவளை மாதிரி குதித்தது. இன்றைக்கு வளைத்து வளைத்து ஓட்டினாள். இஸ்மாயில் இறங்கி வந்து, "அக்காவுக்குக் கிளச்சு நல்லா வருதுங்ணா. உங்களாட்டம் இல்ல" என்றான். வாய் இன்னும் நீளம்தான். அந்த வாய் நன்றாக இருக்கட்டும்.

மாத்திரை இரண்டு வேளையும் போட்டேன். சர்க்கரை இறங்கியிருக்கிறது. எழுதியதால் இல்லை.

ஜூலை 21, திங்கள்

வசந்தாமணிக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. இன்றைக்கு அவள் ஓட்டுகிற முதல் லோடு. கோபி மண்டிக்குப் பூவன் தார். கிளம்பும்போது டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தது நான். கதவைச் சாத்த இரண்டு தரம் இழுத்து, கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். நான் பக்கத்து சீட்டில். எனக்கு அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கமே இல்லை. வைப்பர் ஓடாத கண்ணாடி எவ்வளவு அழுக்காக இருக்கிறது என்று இன்றைக்குத்தான் பார்த்தேன். இத்தனை வருஷமாக அவள் இதன் வழியாகத்தான் ரோட்டைப் பார்த்திருக்கிறாள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. நாளைக்கே மாற்ற வேண்டும்.

வாய்க்கால் பாலம் ஏறினோம். ஒரு சத்தமும் இல்லை. தண்ணீர் போகிற ஓசை கேட்டது. வண்டிக்குள்ளிருந்து அதை நான் கேட்டதே இல்லை.

மண்டி முக்கில் திரும்பும்போது, ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"ஏனுங்க, காலு எங்க இருக்குது?"

இது இப்போது எங்கள் வீட்டு வழக்கம். நினைத்துக்கொள்கிற போதெல்லாம் கேட்பாள். நினைவிலிருந்து பதில் சொல்லக் கூடாது, குனிந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குனிந்து பார்த்தேன். செருப்புக்குள், நாலு விரலோடு, சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"இருக்குது புள்ள" என்றேன்.